தலை வைத்த திசை

மட்டக்களப்பு
09.02.1993

ஆசியா உம்மா அவர்களுக்கு,

உறையின் பின்னால் 'தையல் வகுப்பு' என்று எழுதியிருப்பதைப் பார்த்து யாரோ துணி தைக்கிறவள் என்று நினைத்துப் பிரித்திருப்பீர்கள். உங்கள் வீட்டுக்காரர் கையில் அகப்பட்டாலும் பிரிக்காமல் உங்களிடம் தரவேண்டும் என்றுதான் அப்படி எழுதினேன். முழுப் பொய்யும் இல்லை. என்னிடம் ஒரு மெஷின் இருக்கிறது, சட்டை தைப்பேன். அதை மட்டும் நம்பி வயிறு நிறைவதில்லை.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தாள் தாளாகக் கிழித்துப் போட்டுவிட்டேன். நேரே சொல்கிறேன். உங்கள் தங்கச்சி றஸீனா சவூதியில் இல்லை. திரும்பி வந்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. இங்கே மட்டக்களப்பு ரவுணில் என்னோடுதான் இருந்தாள். உங்களுக்கு வந்த சவூதிக் கடிதங்கள் எல்லாம் அவள் இங்கே இருந்து எழுதி, அங்கே போகிற பெண்களிடம் கொடுத்து, அங்கிருந்து போடுவித்தவை. போன மாசக் கடைசியில் அவள் மௌத்தாகிவிட்டாள்.

நாங்கள் செய்த தொழில் என்ன என்று நான் எழுதத் தேவையில்லை. வருகிறவர்களுக்கு அவள் மலர், நான் தேவி. என் முழுப்பெயர் சீதேவிப்பிள்ளை, ஊர் கரடியனாறு. சவூதியில் வேலை செய்த வீட்டில் அவளுக்கு நடந்ததை என் கையால் எழுத மாட்டேன். வெறுங்கையோடு வந்து இறங்கினாள். புருஷன் அதற்குள் வேறு கலியாணம் முடித்துவிட்டான். வீட்டுக்குப் போடி என்று நான் ஏசாத நாளில்லை. "எந்த மூஞ்சியோட ராத்தாக்கு முன்னால போய் நிக்கிறகா?" என்று என்னையே திருப்பிக் கேட்பாள்.

ஆற்றோரம் கண்டல் பற்றைக்குள் கிடந்தாள். மீன் பிடிக்கப் போன தோணிக்காரர்கள் கண்டு சொன்னார்கள். செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உறவுக்காரர் வராவிட்டால் மற்ற அநாதைப் பிரேதங்களோடு சேர்த்து எரித்துவிடுவார்கள் என்றார்கள். உங்களுக்கு ஆள் அனுப்ப வழியில்லை. அந்தக் கிழமை கல்லடிப் பாலத்துக்கு அங்கால் ஏதோ வெடித்து, பாதை பூட்டிக் கிடந்தது. திறந்திருந்தாலும் நான் காத்தான்குடிச் சந்தியில் இறங்கி உங்கள் வீட்டை விசாரித்திருக்க முடியுமா?

பிணவறையில் தங்கராசா அண்ணன் என்று ஒருவர். "ஆரு பிள்ள உனக்கு?" என்றார். தங்கச்சி என்றேன். "கூடப் பிறந்ததா?" என்றார். "சின்னம்மாட மகள். நாங்க ஒரு குடி" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. நம் பகுதியில் அதற்குமேல் யார் கேட்பார்கள்? தாய்மார் இரண்டு பேரும் அக்கா தங்கச்சி என்றால் பிள்ளைகளும் அக்கா தங்கச்சிதானே. கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்துவிட்டார். அவளைத் தமிழ்ப் பெண்ணாக்கி, என் தாய்வழிக் குடிக்குள் கொண்டுவந்து, அடக்கம் செய்தேன். நீங்கள் என்னைத் திட்டுவதென்றால் திட்டுங்கள். ஆனால் ஒரு வரி எழுதுங்கள்.

சீதேவி


காத்தான்குடி
20.02.1993

கடிதம் எழுதியவருக்கு,

அளவற்ற அருளாளனாகிய அல்லாஹ்வை முன்னிறுத்தி எழுதுகிறேன். உங்கள் கடிதம் கிடைத்தது.

என் தங்கை றஸீனா சவூதி அரேபியாவில் ஒரு நல்ல குடும்பத்தில் வேலை செய்கிறாள். கார்த்திகை மாதத்திலும் கடிதம் வந்தது. சுகமாக இருப்பதாகவும் என் மகள் ஸஹீதாவின் நிக்காஹுக்கு வருவதாகவும் எழுதியிருந்தாள். நீங்கள் வேறு யாரையோ எங்கள் பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் குடும்பம் மானத்தோடு வாழ்கிற குடும்பம். தயவுசெய்து இனிமேல் இந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம்.

ஆசியா உம்மா

உறையை ஒட்டிவிட்டுத் திரும்பவும் பிரித்து எழுதுகிறேன். அவளை யார் குளிப்பாட்டியது? கபன் துணி கிடைத்ததா? நெருப்பு வைத்தீர்களா, மண்ணில் வைத்தீர்களா? மண்ணில் என்றால் தலையை எந்தப் பக்கம் வைத்தீர்கள்? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். வேறொன்றும் எழுத வேண்டாம்.


மட்டக்களப்பு
03.03.1993

ஆசியா உம்மா அவர்களுக்கு,

கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் தங்கராசா அண்ணனின் பெண்சாதியும் குளிப்பாட்டினோம். ஆம்பிளை ஒருத்தரும் பக்கத்தில் வரவில்லை. உங்கள் ஆட்களுக்கு வெள்ளைத் துணிதான் போடுவது என்று எனக்குத் தெரியும். எத்தனை துண்டு, எப்படிச் சுற்றுவது என்று தெரியாது. புதுத் துணி வாங்கி, தலை முதல் கால்வரை மூடினேன். மண்ணில்தான் வைத்தோம். ஒரு தரம் சுடலைப் பக்கமாகப் போகும்போது புகையைப் பார்த்துவிட்டு, "என்ன நெருப்பில போட்டிராதகா தேவி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது என் காதிலேயே நின்றது. எங்கள் ஆட்களிலும் பாதிப் பேர் புதைக்கிறவர்கள்தான் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

தலையைத் தெற்கே வைத்தோம். குழி வெட்டினவர்கள் வழக்கம்போல வெட்டினார்கள், வழக்கம்போல வைத்தார்கள். வடக்கே தலை வைப்பது எங்களுக்கு ஆகாது. உங்களுக்கு எப்படி என்று அந்த நேரத்தில் எனக்கு யோசனை வரவில்லை. நீங்கள் கேட்டபிறகு தெரிந்த ஒருவரிடம் விசாரித்தேன். விசாரித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

நீங்கள் கேட்காததையும் சொல்லவேண்டும். குளிப்பாட்டும்போது அவள் கழுத்தைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் விரல் பதிந்து கறுத்துக் கிடந்தது. ஆற்றில் தவறி விழுந்தவளுக்குக் கழுத்தில் விரல் எங்கிருந்து வரும்? பொலிசில் 'நீரில் மூழ்கி மரணம்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முதல்நாள் பின்னேரம் வெயில் சாயமுன்னம், மரக் குத்தகை எடுக்கிற கொந்தராத்துக்காரன் ஒருவனுடைய ஜீப்பில் அவள் ஏறிப்போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன். போகாதே என்றேன். "கனக்கக் கதைக்காத, வந்து சமைக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வெட்டி வைத்த மீன் சட்டியிலேயே கெட்டுப்போனது.

அந்தப் பெண் உங்கள் தங்கச்சி இல்லையென்றால் இந்தக் கடிதத்தை அடுப்பில் போடுங்கள்.

சீதேவி


காத்தான்குடி
05.04.1993

சீதேவிப்பிள்ளைக்கு,

நோன்பு முடியும்வரை உங்கள் கடிதம் என் தலையணைக்குள் கிடந்தது. பெருநாளுக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் வட்டிலப்பம் பரிமாறினேன். "றஸீனா கடிதம் போட்டாளா?" என்று கேட்டவர்களுக்கு, "ஓம், போட்டிருக்காள்" என்றேன். பிறகு கிணற்றடியில் போய் வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதேன்.

அவள் என் தங்கைதான். உம்மா மௌத்தான பிறகு அவளை வளர்த்தது நான்.

நாங்கள் வடக்கே தலை வைத்து, முகத்தை மேற்கே, கிப்லாவைப் பார்க்கத் திருப்பி வைப்போம். தெற்கே என்று வாசித்ததும் உங்கள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. உயிரோடு இருக்கும்போதுதான் வழி தவறினாள், மண்ணுக்குள்ளும் வழி தவறிக் கிடக்கிறாளே என்று நெஞ்சு வெடித்தது. தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் பள்ளிவாசலுக்குள் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்ட பிறகு எங்கள் தெருவில் உங்கள் ஆட்களைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. என் வாப்பாவை அந்த மாதத்தில் கொடுத்தவள் நான். அப்படியிருக்க, என் தங்கையைக் குளிப்பாட்டியதும் ஒரு தமிழ்ப் பெண்ணின் கைதான். உங்களைத் திட்டுவதா, உங்களுக்காக துஆ கேட்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்துகொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்று. கழுத்தைப் பார்த்தவள் நீங்கள். ஜீப்பைப் பார்த்தவளும் நீங்கள். பிறகு ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்? பொலிசுக்குப் போய்ச் சொல்லுங்கள். கோட்டில் ஏறிச் சொல்லுங்கள். அவளைக் கொன்றவன் இன்னும் ஜீப்பில் திரிகிறானா? அதை நினைத்தால் எனக்குத் தொழுகையில் மனம் நிற்பதில்லை.

ஆசியா உம்மா


மட்டக்களப்பு
02.05.1993

ராத்தா,

அவள் அப்படித்தான் உங்களைப் பற்றிச் சொல்வாள். எனக்கும் அப்படியே வருகிறது. பிடிக்காவிட்டால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன். உங்கள் வாப்பாவுக்காக வருந்துகிறேன். என் புருஷனையும் அதே ஆண்டுதான் விசாரிக்க என்று ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னும் விசாரித்து முடியவில்லைப் போல.

போய்ச் சொல்லுங்கள் என்று எழுதிவிட்டீர்கள். உங்கள் வீட்டில் கோழி களவுபோனால் நீங்கள் போய்ச் சொல்லலாம். எனக்கு அப்படி இல்லை. இதே கொந்தராத்துக்காரன் முன்பு ஒரு தரம் என் கையை முறித்தான். முறிந்த கையோடு முறைப்பாடு கொடுக்கப் போனேன். "அங்க என்னத்துக்கு நீ போன?" என்பதுதான் முதல் கேள்வி. பதில் சொன்னேன். உடனே வழக்கு என்மேல் திரும்பிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் அலைந்து திரிகிறவர்களுக்கென்று எழுதி வைத்த சட்டம் ஒன்று இருக்கிறது. பிச்சைக்காரரையும் எங்களையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிற சட்டம். அதில் நான் குற்றவாளி, எங்களிடம் வருகிறவன் வெறும் வழிப்போக்கன். என்னை உள்ளே வைத்திருந்தபோது அவன் வாசலால் ஜீப்பை மெதுவாக ஓட்டி, ஹோன் அடித்துவிட்டுப் போனான். இவளுகளை என்ன செய்தாலும் கேட்க நாதியில்லை என்பதை அன்றைக்கு அவன் படித்துக்கொண்டான். அந்தப் படிப்பைத்தான் றஸீனாவின் கழுத்தில் காட்டியிருக்கிறான்.

எங்கள் தொழிலைப் புகழச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை, ராத்தா. எனக்கே அதில் பெருமை இல்லை. அதைக் குற்றம் என்று எழுதியிருப்பதை மட்டும் அழித்துவிட்டால் போதும். பிறகு எங்களுக்கு ஒருவன் செய்கிற குற்றத்தை நாங்கள் வாய்திறந்து சொல்லலாம். இப்போது நான் அவனைக் காட்டிக் கொடுப்பதென்றால் முதலில் என்னைக் காட்டிக் கொடுக்கவேண்டும்.

இங்கே ஒரு சட்டத்தரணி அம்மா இருக்கிறா. நல்ல மனுசி. எங்களை உட்காரச் சொல்லிப் பேசுகிற ஒரே ஆள். அவவிடம் போனேன். "நீங்க சாட்சி சொன்னா அது முதல்ல உங்களுக்கு எதிராத்தான் திரும்பும். யோசிச்சு வாங்க" என்றா. யோசித்தேன். எனக்குப் பயம். தடுப்பில் இருந்த நாட்களை இன்னும் மறக்கவில்லை. ஆனால் காய்ச்சலில் நான் கிடந்தபோது கஞ்சி காய்ச்சித் தந்தவள், நான் சத்தி எடுத்ததைக் கையால் அள்ளினவள், அவளுக்கு இந்த ரவுணில் என்னைவிட்டால் யார்? மரண விசாரணையைத் திரும்ப எடுக்கச் சொல்லி மனுப் போட்டாயிற்று. ஏறிச் சொல்லப்போகிறேன். துஆவை என் பக்கம் திருப்புங்கள்.

சீதேவி


மட்டக்களப்பு
19.08.1993

ராத்தா,

நேற்று ஏறினேன். எல்லாம் சொன்னேன். ஜீப்பைச் சொன்னேன், கழுத்தைச் சொன்னேன். நீதவான் ஐயா பேனையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்லாத்தான் போனது. பிறகு கொந்தராத்துக்காரனுக்காக வந்தவர் எழும்பினார்.

"இறந்தவர் உங்களுக்கு யார்?"

"கூட இருந்தவள்."

"ஆஸ்பத்திரியில் என்ன சொல்லிக் கையெழுத்து வைத்தீர்கள்?"

அவர் அந்தத் தாளை எடுத்து வாசித்தார். சகோதரி. பெயர் மலர். இந்து. "இதில் எது உண்மை?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். சனம் சிரித்தது. "பிரேதத்தை வாங்குவதற்கே இத்தனை பொய் சொன்ன ஒருத்தி, கழுத்தில் விரலைப் பார்த்தேன் என்று சொன்னால் எப்படி நம்புவது? இவள்தான் குளிப்பாட்டினாள் என்பதற்கே என்ன சாட்சி?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். தங்கராசா அண்ணனைக் கூப்பிட்டார்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் எனக்கு நினைவில்லை என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைகுட்டிக்காரர்.

அவளைச் சாம்பலாகாமல் காப்பாற்றிய பொய்தான் இப்போது அவளுக்கு எதிராக நிற்கிறது. அது பொய் என்றுகூட நான் நினைத்துச் சொல்லவில்லை. ஒரு குடி என்றால் கதவு திறக்கும் என்று வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. கோட்டில் குடியும் இல்லை, ஒன்றுமில்லை.

ஒரு வழி இருக்கிறது என்கிறா சட்டத்தரணி அம்மா. சொந்த அக்கா நீங்கள் வந்து, இவள் என் தங்கை றஸீனா, இந்தப் பெண்தான் அடக்கம் செய்தாள், செய்த உடனேயே எனக்கு எழுதிச் சொன்னாள் என்று சொன்னால் என் சொல் நிமிர்ந்துவிடுமாம். அடுத்த தவணை ஐப்பசி நடுவில்.

வாருங்கள், ராத்தா. முக்காட்டைப் போட்டுக்கொண்டு வாருங்கள். பாலத்தில் சோதனைக்கு இறக்குவார்கள், பயப்படாதீர்கள். நான் பாலத்தடியில் நிற்பேன். உங்களைத் தெரிந்ததுபோலக் காட்டமாட்டேன்.

சீதேவி


காத்தான்குடி
11.09.1993

அன்புள்ள சீதேவி,

என்னால் முடியாது. முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

ஸஹீதாவுக்கு மாப்பிள்ளை சரிவந்துவிட்டது. ஓட்டமாவடிப் பையன், தங்கமான குணம். அவளுக்கென்று வளவுக்குள் வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. கூரை போட்டால் நிக்காஹ். உங்களைப் போலத்தான் நாங்களும், தாய்வழிக் குடி பார்த்து, தாய்வழி வீடு கொடுத்துப் பெண்ணை இருத்துகிறவர்கள். எந்தக் குடி என்று முதலில் என்னைத்தான் கேட்டார்கள். என் தங்கை இப்படியென்று வெளியே வந்தால் அது என்னோடு நிற்காது. என் வயிற்றில் பிறந்தவளின் தலையில் போய் விடியும். தாய்வழியில் வருகிற வீட்டைப் போலவே தாய்வழியில் வருகிற பழியும் அவளுக்குத்தான்.

உங்களைப் போகச் சொன்னவள் நான்தான். நீங்கள் போனீர்கள். இப்போது நான் வீட்டுக்குள் இருந்துகொண்டு முடியாது என்கிறேன். என் வீட்டுக்காரருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. தறியில் இருந்தபடி, றஸீனா கலியாணத்துக்கு வருவாளா என்று கேட்கிறார். லீவு கிடைக்காது போல என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை.

ஆசியா


மட்டக்களப்பு
24.09.1993

ராத்தா,

வராதீர்கள். உங்கள் மகளின் கூரையை நான் பிரிக்க விரும்பவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபம்தான், மறைக்கவில்லை. சவூதியில் இருக்கிற தங்கச்சி எப்போதுதான் திரும்பி வருவாள்? இன்னும் எத்தனை பெருநாளுக்கு அவளிடமிருந்து கடிதம் வரும்? அவளுக்கு வயது போகுமா, முடி நரைக்குமா? நான் மண்போட்ட ஒருத்தியை நீங்கள் உயிரோடு வைத்திருக்கிறீர்கள். அதனால் அவளைக் கொன்றவனுக்கு ஒரு கவலையுமில்லை. சாகாதவளைக் கொன்றதாக யார் வழக்குப் போடுவது?

நான் திரும்பவும் ஏறுவேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

சீதேவி


தடுப்பு இல்லம், கொழும்புப் பக்கம்
12.12.1993

ராத்தா,

இங்கே தமிழ் வாசிக்கிறவர்கள் இல்லை. வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாம் யாராவது வாசித்துச் சொல்லும்வரை அலுமாரிக்குள் கிடக்கும். இது உங்களுக்கு எப்போது கிடைக்குமோ.

ஐப்பசித் தவணையன்று கோட்டில் பின்வாங்கில் கறுத்த முக்காட்டோடு ஒருத்தர் இருந்ததை நான் பார்க்கவேயில்லை. உங்களைக் கூப்பிடும்படி சட்டத்தரணி அம்மாவிடம் நீங்களே போய்ச் சொன்னீர்களாம். உங்கள் பெயரைக் கூப்பிட்டதும்தான் திரும்பிப் பார்த்தேன். முகம் தெரியாதவர் என்றாலும் நடந்து வந்தபோது அவள் நடப்பது போலவே இருந்தது. கூட்டில் ஏறி நின்று, "றஸீனா எண்ட தங்கச்சி. இந்தப் பிள்ளைதான் மையித்தக் குளிப்பாட்டி அடக்கினது. எனக்கு எழுதினதில ஒரு எழுத்தும் பொய்யில்ல" என்றீர்களே, அந்தக் குரலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சிரித்த சனம் சிரிக்கவில்லை. நீதவான் ஐயா எழுதிக்கொண்டார். ஆகா, வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். பைத்தியக்காரி நான்.

கொந்தராத்துக்காரனின் சட்டத்தரணி எழும்பி எவ்வளவு மரியாதையாகக் கேட்டார் பார்த்தீர்களா? "அப்படியென்றால் இவர் உங்களுக்கு எழுதியதெல்லாம் உண்மை?" உண்மை என்றீர்கள். "உங்கள் தங்கையும் இவரும் அந்த வீட்டில் செய்த தொழிலைப் பற்றி எழுதியதும்?" நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையை ஆட்டினேன். அதையும் உண்மை என்றீர்கள்.

அதற்காக நீங்கள் அழுதுகொண்டிருப்பீர்கள் என்று தெரியும். அழாதீர்கள். நீங்கள் பொய் சொல்லியிருந்தால் என் சொல்லும் விழுந்திருக்கும். உண்மை சொன்னபடியால் என் சொல் நின்றது, நான் விழுந்தேன். நம் இரண்டு பேரையும் நம்பினார்கள். நம்பி, என்னை உள்ளே போட்டார்கள். வீடு வைத்து நடத்தினாள் என்றும் அலைந்து திரிந்தாள் என்றும் இரண்டு வழக்கு. அவனுக்கு, டாக்டரின் அறிக்கையில் கழுத்தைப் பற்றி ஒன்றும் எழுதப்படவில்லை, ஜீப்பில் ஏற்றிப் போனது குற்றமில்லை, போய்வாருங்கள் என்றார்கள். மரணம் நீரில் மூழ்கியதுதான் என்று அப்படியே கிடக்கிறது. சட்டத்தரணி அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு போனா. இந்தச் சட்டத்தை மாற்றாமல் கண்மூடமாட்டேன் என்று என்னிடம் சொன்னா. அவ நெடுநாள் இருக்கவேண்டும்.

இங்கே முற்றம் பெருக்கச் சொல்கிறார்கள், தைக்கச் சொல்கிறார்கள். தையல் எனக்குத் தெரியும் என்றதும் சந்தோஷப்பட்டார்கள். எங்களைத் திருத்துகிறார்களாம். சிங்களத்துப் பெண்கள் கன பேர். பாஷை விளங்காவிட்டாலும் அவர்கள் கதை எனக்கு விளங்குகிறது.

ஸஹீதாவின் வீட்டுக்குக் கூரை போட்டாயிற்றா? அதை மட்டும் எழுதுங்கள்.

சீதேவி


காத்தான்குடி
31.01.1994

என் தங்கச்சி சீதேவிக்கு,

உன் கடிதம் போன கிழமைதான் வந்தது. இனி உன்னை நீங்கள் என்று எழுத எனக்கு மனமில்லை.

கூரை போடவில்லை. கோட்டுக்குப் போனது நான்தான் என்று ஊருக்குள் கதை வந்துவிட்டது. ஓட்டமாவடிக்காரர் ஆள் அனுப்பி, கொஞ்சம் பொறுப்போம் என்றார்கள். பொறுப்போம் என்றால் என்னவென்று உனக்கும் தெரியும். இவருக்கு நானே சொன்னேன். தறியை நிறுத்திவிட்டு எழும்பி வந்தார். என்னைக் கைநீட்டுவார் என்று நினைத்தேன். "எனக்கு முதல்லயே சொல்லியிருந்தா நானும் பின்னால வந்து நிண்டிருப்பன்" என்றார். அவ்வளவுதான்.

றஸீனாவுக்கு வருஷக் கத்தம் ஓதவேண்டும் என்று நினைத்தேன். இவர் ஆட்டைப் பிடித்து வந்தார். எங்கள் குடியில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொன்னேன். குடியில் கத்தத்துக்குச் சொன்னால் வராமல் இருக்க முடியாது, அதனால் எல்லாரும் வந்தார்கள். லெப்பை ஓதி முடித்து ஆம்பிளைகள் வெளியே சாப்பிட்டுப் போனபிறகு, பெண்களுக்கு உள்ளே பாய் விரித்துச் சஹனில் சோறு போட்டோம். சஹன் ஒன்றைச் சுற்றி ஆறு பேர் இருந்து ஒன்றாகக் கை வைப்பதுதான் எங்கள் வழக்கம்.

அப்போது ஹவ்வா உம்மா, எங்கள் குடிக்குத் தலைமை மாதிரி இருக்கிறவ, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னா: "இஞ்ச பாருகா ஆசியா. கோட்டுக்குப் போனது ஆரோ முக்காடு போட்ட பொம்பிள. அது நீ இல்ல. றஸீனா சவூதியில காய்ச்சல்ல மௌத்தாயிற்றாள், அங்கயே அடக்கிற்றாங்க. இத நீ ஒருக்கா உண்ட வாயால சொல்லு. நாங்க எல்லாரும் அப்பிடியே வச்சிக்குவம். ஓட்டமாவடிக்கு நானே போய்க் கதைக்கிறன்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சீதேவி. என் பிள்ளையைக் காப்பாற்றத்தான் சொன்னா. எல்லார் முகத்திலும் இரக்கம் இருந்தது. ஒரு வசனம் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். ஸஹீதா குசினி வாசலில் தண்ணிச் செம்போடு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன், அல்லாஹ்மீது ஆணையாக.

காய்ச்சல் என்று வரவில்லை. கோட்டில் எழுதினதும் இப்படித்தானே, தண்ணி என்று. இப்போது நான் காய்ச்சல் என்றால் அவனை இரண்டாந்தரமும் விட்டுவிடுகிற ஆள் நான்தான் என்று பட்டது. "எண்ட தங்கச்சி காய்ச்சல்ல மௌத்தாகல்ல. இஞ்ச, மட்டக்களப்பு ரவுண்ல, கழுத்த நெரிச்சுக் கொல செஞ்சி ஆத்தில போட்டாங்க. கொல செஞ்சவன் ஜீப்பில திரியிறான். அதச் சொன்ன பிள்ளை மறியல்ல இரிக்கிறாள்" என்றேன். முழுவதையும் சொல்லி முடித்தேன்.

ஒருத்தரும் ஏசவில்லை. ஹவ்வா உம்மா கையைக் கழுவினா. பிறகு ஒவ்வொருவராகக் கழுவினார்கள். செருப்புத் தேடுகிற சத்தம் மட்டும் வாசலில் கேட்டது. பாய் நிறைய சஹன்கள், ஆட்டிறைச்சி, நெய்ச்சோறு, கை வைத்தது வைத்தபடி கிடந்தன. உன் தங்கச்சிக்கு, என் தங்கச்சிக்கு, ஓதின சோறு அது.

நான் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தேன். ஸஹீதா செம்பை வைத்துவிட்டு வந்தாள். இனி இவள் என்ன கேட்கப்போகிறாளோ என்று எனக்குப் பயம். அவள் ஒரு சஹனை இழுத்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்து, பிஸ்மி சொல்லி, சாப்பிடத் தொடங்கினாள். பிறகு என்னைப் பார்த்து, "அந்த மாமி எப்ப உம்மா வெளிய வருவாங்க?" என்றாள்.

உன்னை விடும்போது எனக்கு எழுது, பாலத்தடியில் நிற்கிறேன். நேரே வீட்டுக்குக் கூட்டிவருவேன். ஊர் பார்த்தால் பார்க்கட்டும். எங்கள் சஹனில் இப்போது இரண்டு பேர்தான். நீ வந்தால் மூன்று.

உன் ராத்தா
ஆசியா